கறை போன சட்டை

மார்ச் 3

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் நீங்கள் மாடி வீட்டுக் கதைக்குப் போய்விடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் அருங்காட்சியகப் படிப்பின் கடைசிப் பருவம். இங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு அறையை மாணவர்களிடமே கொடுத்திருக்கிறார்கள், எதையாவது வையுங்கள் என்று. வகுப்பில் ஒரே சண்டை. வாளும் கிரீடமும் இல்லாவிட்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்றான் ஒருவன். பாதிப் பேர் ஏசிக்காகத்தான் வருகிறார்கள், எதை வைத்தால் என்ன என்றாள் ஒருத்தி. நான் எழுந்துவிட்டேன். "ஸ்கூல்ல படிக்கும்போது மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ராஜாவோட செருப்புகூட இருந்துச்சு. அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சவங்களோட ஒரு துணிகூட இல்ல." எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆகவே, சித்தப்பாவின் பழைய வேலைச் சட்டை வேண்டும். அவர் பெயிண்ட் அடித்த ஊர்ச் சுவரெல்லாம் அதில் சொட்டியிருக்குமே, அது. உடனே அனுப்புங்கள்.

உங்கள்
வாலு


மார்ச் 9

என் அன்பு வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக வேண்டும் என்கிறது.

சட்டையைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் உன் சித்தப்பா முகம் வெளிறிப்போனது. "உயிரோட இருக்கிறவன் சட்டையை எதுக்குடி மியூசியத்துல மாட்டுறாங்க? டாக்டர் உன்கிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?" என்றார். அன்றிலிருந்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். அந்த வகையில் உன் படிப்பு இந்த வீட்டுக்குப் பிரயோஜனம்.

மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மாளிடமும் தற்செயலாகச் சொல்லிவிட்டேன், மாடி ஏறிப் போய். அவள் வீட்டுக்காரரின் கோட்டு சூட்டை இதுவரை எந்த மியூசியமும் கேட்கவில்லையாம்.

நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு அழுக்காகவா அனுப்புவேன்? மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, அவர் பெயிண்டில் கலக்கும் தின்னரை விட்டுத் தேய்த்து, மல்லுக்கட்டி வெளுத்துவிட்டேன். கல்யாணமான நாளாக எனக்கும் அந்தக் கறைக்கும் வழக்கு. தீர்ப்பு என் பக்கம்! இஸ்திரியும் போட்டிருக்கிறேன். ஒரு பட்டன் புதுசு.

ஆசீர்வாதங்களுடன்
சித்தி


மார்ச் 14

சித்தி,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! பெட்டியைத் திறந்ததும் கடையில் வாங்கிய சட்டையோ என்று நினைத்தேன். நான் கேட்டதே அந்தக் கறையைத்தானே! பச்சை ஆஸ்பத்திரிச் சுவருடையது. மஞ்சள் என் பள்ளிக்கூடத்துடையது. அதுதான் வரலாறு. அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டீர்கள். வகுப்பில் சிரிக்கிறார்கள். வேறு எதை மாட்டுவேன்?

சித்தப்பா இப்போது போடுகிற வேலைச் சட்டையையாவது அனுப்புங்கள். தயவுசெய்து நீங்கள் தொட வேண்டாம். அவரையே மடித்துக் கட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அக்கா மகள்


மார்ச் 20

அக்கா மகளுக்குச் சித்தி எழுதுவது,

கையெழுத்தில் வாலு போய் அக்கா மகள் வந்திருப்பதைக் கவனித்தேன். கோபத்திலும் ஒரு முறை இருக்கிறது, சந்தோஷம். நான் தொடக் கூடாது என்றாய், தொடவில்லை. தின்னர் பட்டு விரலெல்லாம் உரிந்து கிடக்கிறது, எனக்கும் ஓய்வு வேண்டும்தான்.

ஆனால் அவர் அந்தச் சட்டையைத் தர மாட்டேன் என்கிறார். ஏன் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாமல் ரெண்டு நாள் வாயைக் கட்டினேன். என் வாய்க்கு அது சாதனை.

ஆறாவதிலிருந்து எங்களோடு இருந்து படித்தாய் அல்லவா? ஒன்பதாவதில் ஒரு நாள், "சித்தப்பா, இந்தச் சட்டையோட ஸ்கூல் கேட்டுக்கு வராதீங்க, பிள்ளைங்க பார்க்கிறாங்க" என்றாய். நீ மறந்திருப்பாய். அந்த வயசில் நானும் என் அப்பாவின் சைக்கிளைக் கண்டால் சந்துக்குள் ஒளிந்தவள்தான்.

அன்றிலிருந்து அவர் பிரஷ் பையில் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கும். தெருமுனைத் தையல்கடை ஓரம் நின்று மாற்றிக்கொண்டுதான் உன் கேட்டுக்கு வருவார், நீ பள்ளி முடிக்கும்வரை. டெய்லர்தான் என்னிடம் போட்டுக்கொடுத்தார்: "உங்க வீட்டுக்காரர் தினம் சாயங்காலம் டிரஸ் மாத்திட்டு எங்கேயோ போறாரும்மா." நான் வேறுவிதமாகச் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனேன். பார்த்தால், உன் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் அசடு வழிய வீடு திரும்பிய கதை உனக்கு வேண்டாம்.

கேட்டில் வேண்டாம் என்ற கறையை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் கேட்கிறாய். உன் படிப்பு எனக்குப் புரியாது. நான் எதற்காக உட்கார்ந்து வெளுத்தேன் என்பதாவது உனக்குப் புரிகிறதா?

சித்தி


மார்ச் 27

சித்தி,

எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்கு மறக்கவில்லை. அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். தையல்கடை எனக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் வெளுத்த சட்டையையே மாட்டிவிட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "பெயிண்டரின் வேலைச் சட்டை. கறையை நீக்கியவர் அவர் மனைவி. வீட்டுப் பிள்ளை ஒரு காலத்தில் அந்தக் கறைக்கு வெட்கப்பட்டாள். அவள்தான் இதை இங்கே மாட்டியிருக்கிறாள்."

யாரும் சிரிக்கவில்லை. வாள் கேட்டானே, அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்குக் கண்ணாடி வேணாம்பா" என்றான். கழற்றிவிட்டோம்.

பன்னிரண்டாம் தேதி திறப்பு. சித்தப்பாவை வேலைச் சட்டையோடு வரச் சொல்லுங்கள். நான் கேட்டிலேயே நிற்பேன். உங்கள் விரலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

வாலு


ஏப்ரல் 2

அடி வாலு,

களிம்பு வந்தது. மாடி வீட்டம்மாளுக்கும் காட்டினேன், மியூசியத்திலிருந்து அனுப்பினார்கள் என்று.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். கேட்டால், தின்னர் பட்டுவிட்டதாம். வீட்டில் ஏது தின்னர்? உள்ளதையெல்லாம் நான்தான் உன் சட்டையில் தீர்த்தேனே!

வருகிறோம். ஆனால் வேலைச் சட்டையில் வர மாட்டாராம். "அத்தனை பேர் முன்னாடி பிள்ளைக்கு மரியாதை வேணாமா?" என்று, வேலைச் சட்டை போக இருக்கிற ஒரே வெள்ளைச் சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் அந்த வெள்ளைச் சட்டை சோப்பு வாளியில் ஊறிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த வேலை துவைப்பதுதானே?

நீ கேட்டில் நில்.

சித்தி