பாண்டிச்சேரிப் பூங்காவில் எடுத்த படங்கள்

28 டிசம்பர் 1981, திங்கள்

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் தம்பி இன்று எங்களைக் காரில் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனான். வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா. மார்கழிப் பனி காயாத புல்லில் அவன், மனைவி ரோஸ்லின், மகள், அம்மா எல்லோரும் நின்றார்கள். படம் எடுத்தது நான்.

கடைசியாக ஒரு படம் மிச்சமிருந்தது. "அக்காவும் நிக்கட்டுமே" என்றான் தம்பி.

"வேணாங்க. அங்க நாலு பேரு பாக்குற படம். மூஞ்சியில வெண்குஷ்டத்தோட ஒருத்தி நின்னா நம்ம பொண்ண யாரு கட்டுவா?" என்றாள் ரோஸ்லின். குஷ்டமில்லை, தோலில் நிறம் போனதுதான். அவளுக்கும் தெரியும்.

தம்பி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அம்மாவாவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "அவ சொல்றதும் சரிதானே. நீயே எடுத்துடும்மா" என்றாள்.

சிரிக்கச் சொல்லி எடுத்தேன்.

திரும்பும் வழியில், சிதம்பரத்தில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். கேமரா என் பையில் இருந்தது. பின்மூடியைத் திறந்து, ஃபிலிமை இழுத்து வெயிலில் காட்டி, மறுபடி சுற்றி மூடிவைத்தேன். வெளிச்சம் பட்ட ஃபிலிமில் ஒரு படமும் தேறாது.

காலையில் அம்மா புதுச் சேலையில் தனியாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள், தன் கல்லறையில் பதிப்பதற்கென்று. அதுவும் அந்தச் சுருளில்தான் இருந்தது. மூடியைத் திறக்கும்போது எனக்கு அது நினைவிருந்தது.