மூடி இல்லாத சட்டி

ரோனா அக்கா,

காலைக் கப்பலில் போகிறேன். டொபேகோவுக்குத்தான். நேற்று நீ கத்தியதால் திட்டம் மாறவில்லை.

"மயாமிக்குப் போனா அது லீவு. பக்கத்துத் தீவுக்குப் பெலாவ் சோத்துச் சட்டியைத் தூக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு லீவாடா? கப்பலே சிரிக்கும்" என்றாய். சிரிக்கட்டும். மயாமி மயாமி என்று ஆறு வருடமாக நீ எங்குமே போகவில்லை. நானும் படிப்பை விட்டதிலிருந்து இரவெல்லாம் கிடங்கைக் காவல் காத்து, பகலெல்லாம் தூங்கி, கடலைப் பார்த்தே நாளாகிறது.

அங்கே கஸ்தாரா என்ற கடலோர ஊரில் ஒரு மீனவர் வீட்டு மாடி அறையைப் பிடித்திருக்கிறேன். அடுப்பு உண்டு. நாலு நாளும் நாமே சமைத்தால்தான் நமக்குக் கட்டுப்படியாகும். அதனால் சட்டியும் வருகிறது.

அதைத் தடுக்கத்தான் மூடியை ஒளித்துவைத்தாய். நான் தேடவில்லை. தட்டைக் கவிழ்த்துத் துண்டால் கட்டிவிட்டேன். கோழியும் துவரையும் போட்ட பெலாவ். உன் பங்கு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கித் தின்னு.

உன் டிக்கெட் மாலைக் கப்பலுக்கு. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. சாவியை எதிர்வீட்டு மெர்லினிடம் கொடு, நாய்க்கு அவள் சோறு வைப்பாள்.

நீ வராவிட்டாலும் நாலு நாள் முடியாமல் நான் திரும்ப மாட்டேன்.

கெர்வின்

பி.கு. தட்டு சரியாகப் பொருந்தவில்லை. கப்பல் முழுக்க வாசனை அடிக்கும். அடிக்கட்டும்.

இன்னொன்று. வரும்போது மூடியை எடுத்து வா. பைக்குள் மறைக்காதே, கையில் பிடித்துக்கொண்டு வா.