ஒரு காணிக்கு ஒரு அடுப்பு

லிங்கநகர்,
திருகோணமலை.
11.02.2025

பரீதா அவர்களுக்கு,

உங்கட பழைய பக்கத்து வளவு பாக்கியரத்தினம் எழுதுறது. சுகம் விசாரிக்க எழுதேல்லை. உங்களோட வாய் திறக்கமாட்டன் எண்டு மாதா பேரிலே சத்தியம் பண்ணினனான். எழுதமாட்டன் எண்டு பண்ணேல்லை. ஐஞ்சாம் வகுப்புப் படிச்ச கை, பிழையிருந்தால் பொறுத்து வாசிக்கவும்.

2012 ஒக்டோபர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. நான் வெட்டின கக்கூஸ் குழியைப் பற்றி நீங்கள் நகரசபைக் கந்தோருக்கு எழுதிக் குடுத்து, மூண்டு பேர் குடையோட வந்து நிண்டு அதை மூட வைச்சவை. அடுத்த நாளே எங்கட ரெண்டு வளவுக்கும் நடுவிலே தகரவேலி அடிச்சனான். "இந்தத் தகரம் நிக்கிற மட்டும் உங்களுக்கும் எனக்கும் கதை இல்லை" எண்டு அதுக்கு மேலாலே சொன்னதும் நான்தான். இண்டைக்கும் நிக்குது. கறள் பிடிச்சாலும் நிக்குது.

இப்ப விசயத்துக்கு வாறன். என்ர பேத்தி லதுஷாவுக்கு வைகாசியிலே கலியாணம். அவளின்ட தாய் றஜிதா கண்ணை மூடின பிறகு வளர்த்தது நான்தான், அது உங்களுக்குத் தெரியும். வீடு பொம்பிளைப்பிள்ளைக்கு எண்டது எங்கட வழக்கம், உங்கட சனத்திலேயும் அதுதான். வீட்டைக் குடுத்தவள் பின்வளவிலே சின்னதாய் ஒரு வீடு போட்டு, தன்ர அடுப்பிலே தான் சமைப்பாள். பிள்ளையின்ட குசினி வாசலிலே சோத்துக் கோப்பையோட போய் நிக்கமாட்டாள். என்ர அம்மா நிக்கேல்லை. நானும் நிக்கமாட்டன்.

எனக்கெண்டு பின்வளவிலே போடுற வீட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பீட்டுது. போன வெள்ளி கந்தோர் ஆக்கள் வந்து சிவப்புத் தாள் ஒட்டிப்போட்டினம். பதினாறு பேர்ச் காணியிலே ஒரு வீடுதானாம். றோட்டிலே நிண்டு பார்த்தால் தெரியாத பின்வளவு இவையளுக்கு எப்படித் தெரிஞ்சது? திரும்பவும் உங்கட கைதானே? ஓமெண்டால் ஓமெண்டு எழுதுங்கோ. தாளைக் கிழிச்சு விறகோட போட்டுட்டன். கட்டுறதை நிப்பாட்டமாட்டன்.

இப்படிக்கு,
இ. பாக்கியரத்தினம்


கிண்ணியா
20.02.2025

அன்புள்ள ரத்தினக்காவுக்கு,

அல்லாஹ்ட உதவியால சுகமா இருக்கேன். முழங்கால் மட்டும் சொல்வழி கேட்காது. கடிதத்துக்குப் பின்னால உங்கட பேரைக் கண்டதும் என்ர மகள் சுஹைரா பயந்துபோய், "உம்மா, அந்த மாமி மௌத்தாகிட்டாவா?" எண்டாள். "இல்லை மகள், மௌத்தானவங்க இவ்வளவு கோபமா எழுதமாட்டாங்க" எண்டேன்.

இந்த முறை நான் இல்லை. அங்க எனக்கு என்ன கிடக்கு? புயலுக்கு விழுந்த வீட்டை இடிச்சு எடுத்தாச்சு. கிணறும் உங்கட தகரமும்தான் மிச்சம்.

அந்த முறை நான்தான். ஓம். இண்டைக்கு நடந்தாலும் எழுதிக் குடுப்பேன். உங்கட குழி என்ர கிணத்துக்குப் பதினெட்டு அடி. என்ர மகன் முனீப்புக்கு அப்ப ஒன்பது வயசு. அந்தத் தண்ணியைக் குடிச்சுப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து தப்பினான். உங்கட கடிதத்தில திகதி இருந்தது, கிழமை இருந்தது, மழையும் குடையும் இருந்தது. முனீப்பைக் காணேல்லை.

நானும் இங்க வீட்டை சுஹைராவுக்குத்தான் குடுத்தேன். பின்வளவு இல்லை. அவள்ட குசினியிலதான் சாப்பாடு. தங்கமான பிள்ளை. கறிக்கு உப்புப் போடத் தெரியாது. ஆறு வருசமாகுது, இன்னும் சொல்லேல்லை. அடுப்பு அவள்ட.

நீங்க சுவரை விடாதீங்க.

பரீதா


லிங்கநகர்
06.03.2025

பரீதாவுக்கு,

எழுதினது நீங்கள் இல்லை எண்டது உண்மைதான். மணல் லொறி ஒழுங்கையை மறிச்சு நிண்டதாலே கந்தோர்ப் பொடியன் ஒருத்தன் மோட்டார் சைக்கிளாலே இறங்கி எட்டிப் பார்த்தவனாம். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, தெரியும்தானே.

நேற்று விபூதிப் புதன். நெத்தியிலே சாம்பலோட நேரே கந்தோருக்குப் போனனான். சுகிர்தன் எண்டு ஒரு உத்தியோகத்தன், மரியாதையான பிள்ளைதான். கதிரை தந்தான். பெரிய வரைபடத்தை விரிச்சு எங்கட ஒழுங்கையைத் தொட்டுக் காட்டினான். மஞ்சள் நிறம்.

"மஞ்சள் எண்டால் நடுத்தர நெருக்கமுள்ள குடியிருப்பு, அம்மா. இந்த அளவுக் காணிக்கு ஒரு வீடுதான்."

"தம்பி, ரெண்டாயிரத்து ஆறிலே சண்டைக்குத் தப்பிச் சம்பூர் சனம் ஓடி வரேக்கை இந்த வீட்டிலே இருபத்திரெண்டு பேர் படுத்தவை. அப்ப எங்கட நெருக்கத்தை அளக்க நீங்கள் ஒருத்தரும் வரேல்லையே?"

சிரிச்சான். "அடுப்பு ரெண்டு எண்டால் வீடு ரெண்டு. அடுப்பில்லாமல் கட்டுங்கோ, வீட்டோட சேர்ந்த அறை எண்டு இண்டைக்கே கையெழுத்து வைக்கிறன். பேத்தியோட சாப்பிடுங்கோவன்."

"உன்ர கொம்மா ஆரின்ட அடுப்பிலே சாப்பிடுறா?"

பேனையைக் கீழே வைச்சான். "அவ தனியத்தான் சமைக்கிறா" எண்டான்.

"அப்ப முதல்லே அவவின்ட அடுப்பை உடைச்சுப்போட்டு என்னட்டை வா."

லதுஷா என்னோட கோபம். "அம்மம்மா, என்ர சோறு உங்களுக்குக் கைக்குமோ?" எண்டு அழுகிறாள். கைக்காது. இண்டைக்கு நான் போட்டுச் சாப்பிடுவன், நாளைக்கு அவள் போட்டுத் தருவாள், நாளையிண்டைக்கு அவள் வேலையாலே வருமட்டும் நான் பார்த்துக்கொண்டு இருப்பன். அதுதான் கைக்கும்.

கந்தோராலே வெளிக்கிடேக்கை சுகிர்தனிட்டை ஒண்டு கேட்டனான். "அடுப்பே இல்லாத காணி எண்டால்?" வெறுங்காணியிலே ஒரு வீடு தாராளமாய்க் கட்டலாமாம், காணிக்காரர் கையெழுத்து வைச்சால் போதுமாம்.

வீட்டுக்கு வந்து தகரத்திலே இருக்கிற ஆணி ஓட்டையாலே உங்கட வளவைப் பார்த்தனான். பதினாறு பேர்ச், மஞ்சள் நிறம், அடுப்பு இல்லை. கிணத்திலே தண்ணி நிக்குது.

நான் ஒண்டும் கேட்கேல்லை. பார்த்ததை எழுதினனான்.

பாக்கியரத்தினம்


கிண்ணியா
18.03.2025

ரத்தினக்காவுக்கு,

நோன்புக் களையில எழுதுறேன், எழுத்து ஆடும்.

நீங்க கேட்கமாட்டீங்க. கேட்காமல் தர நானும் மாட்டேன். உங்களுக்கு மட்டும்தான் ரோசமா? ஆனாலும் நான் கேட்கிறதை எழுதுறேன்.

என்ர காணியில ஒரு வீடு போடுவம். ரெண்டு அறை, ஒரு குசினி, ஒரு அடுப்பு. கந்தோருக்கு என்ர கையெழுத்து. ஒரு அறை எனக்கு. நானும் வாறேன், உப்புப் போட்டுச் சாப்பிட்டுக் கனகாலம். காலையில நீங்க சமைங்க, பின்னேரம் நான். பண்டி இறைச்சி மட்டும் அந்த அடுப்பில ஏறக் கூடாது.

அதுக்கு முதல் குழியைப் பற்றி எழுதுங்க. சரியோ பிழையோ, உங்கட கையால. எழுதாட்டிக் காணி வெறுங்காணியாவே கிடக்கட்டும். பேத்தியிட்டச் சாப்பிடுங்க.

பரீதா


லிங்கநகர்
05.04.2025

பரீதா,

உன்ர கடிதத்தை வாசிச்சுப்போட்டு அலுமாரிக்குள்ளே வைச்சுப் பூட்டினனான். ரெண்டு கிழமை திறக்கேல்லை. காணியைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறாள் எண்டு திட்டினனான். லதுஷா கேட்டவள், "ஆரோட அம்மம்மா சண்டை, ஒருத்தரும் இல்லையே?" எண்டு.

எழுதுறன். குழி பிழை.

மேசன் அண்டைக்கே சொன்னவன், கிணறு கிட்டக் கிடக்கு, அங்காலே தள்ளி வெட்டுவம் எண்டு. அங்காலே என்ர முருங்கை நிண்டது. முருங்கையைத் தறிக்க மனமில்லாமல் "இங்கேயே வெட்டு" எண்டு சொன்னது நான். முனீப் பதினொரு நாள் கிடந்ததும் தெரியும். ஏழாம் நாள் ஆஸ்பத்திரி வாசல் மட்டும் வந்தனான், தோடம்பழம் வாங்கிக்கொண்டு. நீ படியிலே இருந்து அழுதுகொண்டிருந்தாய். திரும்பிப் போனனான். எல்லாம் ஞாபகம் எண்டு ஊருக்குச் சொல்லுறனான், இதை மட்டும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அந்தச் சட்டம் அண்டைக்குச் சரி. இண்டைக்குப் பிழை. ரெண்டையும் சொல்லுவன்.

காணியைச் சும்மா வாங்கமாட்டன். நிலம் உன்ர, கல்லு என்ர. அரைவாசி எழும்பின சுவரை நானே இடிச்சன். சுகிர்தன் வந்து பார்த்து, "சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுக்கு நன்றி அம்மா" எண்டான். "கட்டுப்படேல்லை தம்பி, கல்லு அங்காலே வேணும்" எண்டன். பண்டியை நான் விட்டு நாலு வருசம், பிரஷர். காலமை அடுப்பு என்ர எண்டு நீயே எழுதியிருக்கிறாய், பிறகு மாத்தப்படாது.

இன்னும் ஒண்டு. நேற்று அலவாங்கை எடுத்து தகரவேலியைப் பிடுங்கிப்போட்டன். ஜக்சன், அதுதான் லதுஷாவைக் கட்டப்போறவன், "நான் செய்யிறன் அம்மம்மா" எண்டு வந்தவன். தள்ளி நில் எண்டு சொன்னனான். அடிச்சவள்தான் பிடுங்கவேணும். எல்லைக்கல்லு நாலையும் தொடேல்லை, கந்தோருக்குத் தேவைப்படும்.

தகரம் நிக்கிற மட்டும்தான் சத்தியம். பெருநாளும் முடிஞ்சுது, கிண்ணியா பஸ் ஓடுது. வா. பன்ரெண்டரை வருசத்துச் சண்டை கிடக்கு, இருந்து பிடிப்பம்.

ரத்தினக்கா