பாலில் விஷம் கலந்த கை

காஜா பெராங், மலாக்கா
14-9-1958

அன்பு மகள் சந்திரமதிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம், அங்கே உன் நலமும் உன் கையில் அகப்பட்ட நோயாளிகளின் நலமும் அறிய ஆவல். படிப்பு முடிந்ததும் ஊருக்கு வந்து கிளினிக் வைக்கட்டுமா, மதராசிலேயே இருந்துவிடட்டுமா, நம் ஜனங்கள் என்னிடம் வருவார்களா, மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதே வாரம் மெர்டேக்கா, நாடு சுதந்திரமடைந்த ஓராண்டு விழா என்று கொட்டகையில் உன் படத்தை மறுபடி போட்டுத் தொலைத்தார்கள். நீ நடிப்பை விட்டுப் புத்தகத்தை எடுத்து ஏழு வருஷமாகிறது, திரையில் இருப்பவள் இன்னும் விடவில்லையே!

உன் அப்பா தெருவையே கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா எனக்கு அடுத்த நாற்காலி. நீ புருவத்தைத் தூக்கிக்கொண்டு கதாநாயகனின் பாலில் விஷத்தைக் கலக்கிறாய், அக்கா எழுந்து நின்று "குடிக்காதடா, டேய், மடையா!" என்று கத்துகிறார், அந்த நேரம் பார்த்து உன் அப்பாவும் எழுந்து "என் மகள்! டாக்டருக்குப் படிக்கிறாள்!" என்று அறிவிக்கிறார். கொட்டகை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அது விஷமில்லை, வெறும் சீனி என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன், யார் கேட்டார்கள். மறுநாள் அக்காவுக்குப் பால் பாயசம் கொடுத்தேன். அதில் ஒரு கரண்டியைப் பூனைக்கு ஊற்றிவிட்டு, பூனையின் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நானே கண்டேன். கல்லூரியில் படித்தவள் இதற்கெல்லாம் கலங்கலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், என் பாயசத்துக்கே இந்தக் கதி என்றால் உன் மருந்துக்கு என்ன கதி என்று நினைத்து நினைத்து நாற்பத்தேழு வயதில் முதல் நரை வந்துவிட்டது. மதராசிலேயே இரு என்று எழுதினேன், மனசு கேட்காமல் கிழித்தேன்.

நேற்று அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார். "முட்டி ரொம்ப சாக்கிட்லா டீச்சர், வலி தாங்கல, ஒங்க மக எப்ப வருது?" என்றார். பூனையிடம் கேட்டுக்கொண்டீர்களா என்றேன். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரித்தார். "பூனை நல்லாத்தான் இருக்கு, மிச்சத்தையும் அதுவே குடிச்சிருச்சு, எனக்குத்தான் இல்லாமப் போச்சு. நான் யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். அந்தப் பய ஒரு தம்ளர் விஷத்தைக் குடிச்சிட்டு எந்திரிச்சு ஒக்காந்து முழுசா ஒரு பாட்டு பாடுனான்ல? ஒங்க மக விஷம் குடுத்தே ஆள் பொழைக்குதுன்னா, மருந்து குடுத்தா சாவானா? அதுக்குப் பேருதான் கைராசி!" என்றார். பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் உன் கைராசிதான் பேச்சு. மளிகைக்கடை ரோஷன் பீவி தன் தலைசுற்றலை வேறு யாரிடமும் காட்டாமல் உனக்கென்றே பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

அதனால் வந்துவிடு, கண்ணே. முன்னறையை இன்றைக்கே காலி செய்யத் தொடங்கிவிட்டார் உன் அப்பா. பரீட்சை என்று சோற்றைத் தள்ளாதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. அம்மன் அருளால் கைராசி குறையாமல் தீர்க்காயுசாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே: நோயாளி முன்னால் புருவத்தைத் தூக்காதே, மருந்து எதுவானாலும் தண்ணீரில் கலந்து கொடு, பாலில் வேண்டவே வேண்டாம்.

உன் வரவை எண்ணி வாசலைப் பார்க்கும்
அம்மா ஜெயா