ஜஸீமாவுக்குத் தெரிய வேண்டாம்

ராயபுரம்
4 மார்ச் 2025

அன்புத் தங்கை உஸ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமா?

போனில் சொல்ல முடியாத விஷயம் இது. உன் அண்ணி ஜஸீமா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். எனக்கு மூத்திரம் ரத்தமாகப் போனதே, அது கல் இல்லையம்மா. மூத்திரப்பையில் கேன்சர். ஈரல் வரைக்கும் பரவிவிட்டது.

ஊசி ஒன்று, மாத்திரை ஒன்று, இரண்டையும் சேர்த்துத் தருகிறார்கள். ஊசி என் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிக் கட்டியோடு சண்டை போட வைக்குமாம். மாத்திரை, கட்டியில் கண்டுபிடித்த மரபணுக் கோளாறை மட்டும் குறிவைத்து அடிக்குமாம். "கொணமாயிடுமா டாக்டரம்மா?" என்றேன். "அடக்கி வைக்கப் பாப்போம்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது. துறைமுகத்தில் இத்தனை வருஷம் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டினேன், இப்படிப் பயந்ததில்லை.

ஜஸீமாவிடம் சொல்லிவிடாதே. தாங்க மாட்டாள்.

உன் அண்ணன்,
கமாலுதீன்

ஆம்பூர்
11 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அல்லாஹ் உங்களுக்கு ஷிஃபா தந்து குணமாக்கட்டும். ஆனால் கல் கரையட்டும் என்று அண்ணி தினமும் வாழைத்தண்டு பிழிந்து தருகிறார்களாமே, மனசு உறுத்தவில்லையா? மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? எதற்கெல்லாம் உடனே ஓடிவரச் சொன்னார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உஸ்மா

ராயபுரம்
22 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு,

வாயெல்லாம் புண். நகம் கழன்று வருகிறது. மாத்திரையால் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறிவிட்டதென்று பாலையும் மீனையும் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். "இன்னா, வஞ்சிரத்தக் கூட ஒதுக்குற?" என்று ஜஸீமா முறைக்கிறாள்.

கேட்டாயே, சொல்கிறேன். எழுப்பிவிட்ட எதிர்ப்புச் சக்தி சில பேருக்கு நல்ல உறுப்பையும் தாக்குமாம். வயிற்றுப்போக்கு, இருமல், மூச்சு வாங்கல் எது வந்தாலும் அன்றே வரவேண்டுமாம்.

எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமலும் இருக்கிறது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களே. நிறுத்தினால் எனக்கு என்ன இருக்கிறது? அடுத்த ஊசி போட்டபிறகு சொல்லிக்கொள்கிறேன்.

கமாலுதீன்

ஆம்பூர்
25 ஏப்ரல்

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு அண்ணிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனிமேல் நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. உயிரோடு இருந்து பேசாமல் இருங்கள்.

உஸ்மா

ராயபுரம்
30 மே

உஸ்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் உன் அண்ணி வந்துவிட்டாள். வண்ணாரப்பேட்டைத் தையல் கடையிலிருந்து, கழுத்தில் டேப்போடு அப்படியே ஆட்டோவில். "கல்லா? உன்க்கு கல்லா கீது? எய்ந்திரு!" அதே ஆட்டோவில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நுரையீரல் இரண்டும் வீங்கியிருந்தது. ஊசியின் வேலைதான். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு கொடுத்து இழுத்துப் பிடித்தார்கள். ஆனால் அந்த ஊசி எனக்கு இனி எப்போதும் கிடையாது.

ஸ்கேனில் ஈரல் கட்டிகள் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றன. மாத்திரையை மட்டும் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். "ரெண்டும் செஞ்ச வேலைய இது ஒண்ணு செய்யுமா?" என்று கேட்டேன். "பாக்கணும்" என்றார். திரும்பவும் அதே மாதிரி ஒரு வார்த்தை.

வீட்டுக்கு வந்தும் ஜஸீமா முகம் கொடுக்கவில்லை. நேற்று என்னால் அடக்க முடியவில்லை. "பயமா கீது ஜஸீமா" என்று சொல்லிவிட்டேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். "எனக்கு மட்டும் இல்லியா? நவுரு" என்றாள். கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பயந்துகொண்டே வெகு நேரம் அப்படியே இருந்தோம்.

உன்மேல் கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. கிளம்பி வா. நேரில் திட்ட வேண்டும்.

அண்ணன்