எழுந்து நின்ற குற்றம்

ஆகஸ்ட் 13, வியாழன்

சிட்லபாக்கம் பிரெஞ்சு வகுப்பில் இன்று எனக்கு முதல் வீடியோ கால். பிரான்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பவர்களோடு எங்களைப் பேச வைக்கிறார் வசந்தி மேடம். எனக்கு வாய்த்தவர் ஆந்த்ரே. எண்பத்தாறு வயது.

அவர் முகம் திரையில் வந்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பெரியவர் வரும்போது எப்படி உட்கார்ந்திருப்பது?

"ஐயோ, உக்காருங்க சார்! அவருக்கு உங்க சட்டை பட்டன்தான் தெரியும்," என்றார் மேடம்.

அதற்குள் திரையில் ஆந்த்ரேயும் எழுந்தார். தடுமாறி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நர்ஸ் ஓடிவருவது தெரிந்தது. அத்தோடு லைன் போய்விட்டது.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் எனக்கு பிரெஞ்சு ஒரு கேடா?

எட்டரைக்கு மேடம் போன் செய்தார். "அவருக்கு ஒண்ணும் ஆகல சார். நீங்க நிக்கறப்ப அவர் உக்காந்திருந்தா நல்லாருக்காதுன்னுதான் எழுந்தாராம். அடுத்த வாரமும் நீங்கதான் வேணுமாம். ஆனா நர்ஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்க, நீங்க எழுந்திருக்கவே கூடாது."

"சத்தியமா மாட்டேன் மேடம்," என்றேன்.

போனை வைத்தபோதுதான் கவனித்தேன். மேடத்தோடு பேசிய நேரம் முழுக்க நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.