ஏழு மணிக் கேள்வி

உங்களுக்கு,

யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டார்கள் என்று தினமும் நாலு தடவை போனில் பதில் போடுகிறீர்கள். இப்போது மனசு எப்படி இருக்கிறது, யாருடன் இருக்கிறீர்கள் என்றெல்லாம் அது கேட்கும். என்னிடம் சொல்லாததை அதனிடமாவது சொல்கிறீர்கள் என்று இருபது நாளாகப் பொறுத்துக்கொண்டேன்.

இன்று காலை போன் கேள்வி கேட்டபோது குளியலறையிலிருந்து, "ஜல்தி, நேரமாகிறது, நீயே எதையாவது அமுக்கி விடு" என்று கத்தினீர்கள். அமுக்கப் போன இடத்தில் பழைய பதில்களையும் பார்த்தேன்.

மாலை ஏழு மணிக்கு, யாருடன் இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, 'தனியாக' என்று போட்டிருக்கிறீர்கள். இருபது நாளும். அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியது யார்? டீ ஆறிவிட்டது என்று யாரை முறைத்தீர்கள்? இந்தக் குவார்ட்டர்ஸ் சுவரையாவது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பார்த்து வெள்ளையடிக்கிறார்கள்.

கோபம் எவ்வளவு என்று காலையில் கேட்டது. பத்துக்குப் பத்து போட்டேன். அது என்னுடையது, உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

கிட்வாய் நகரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சப்பாத்தி டப்பாவில் இருக்கிறது. ஏழு மணிக்கு அது மறுபடி கேட்கும். இன்றைக்கு நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
பீன்ஸ் நறுக்கியவள்